இடது கன்னம்

அன்று பல் டாக்டரின் அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: தறிக்காரர் பரமசிவம், அவர் மருமகள் கீர்த்தி, அவளைப் பெற்ற ஐயம்பேட்டை கதிர்வேல், டாக்டர் சத்யப்ரியா. கீர்த்தியின் புருஷன் சிவபாலன் புடவை கொடுக்கச் சென்னைக்குப் போயிருந்தான். அவன் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் அவள் இடது கன்னம் வீங்கி, வாயைச் சரியாகத் திறக்க முடியாமல் போயிற்று. மாமனார் கை நீட்டி அடித்துவிட்டார் என்று தெருவெல்லாம் பேச்சு.

பல்வலி என்று மகள் சொன்னதைக் கதிர்வேல் நம்பவில்லை. “பொண்ணு புகுந்த வூட்ட விட்டுக்குடுக்குமா? எதுனா சொல்லி மறைக்கத்தான் பாக்கும்,” என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

பரமசிவத்தின் முதுகு நாற்காலியில் சாயவே இல்லை. அவர் வீட்டின்மேல் அதுவரை ஒரு சொல் விழுந்ததில்லை.

டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். “ஈறு மூடியிருக்குது. எக்ஸ்ரே எடுத்தாத்தான் உள்ள என்னன்னு தெரியும்.”

படம் எடுத்தால் பழி தீரும். பரமசிவம் சரி என்று வாயெடுப்பதற்குள் கீர்த்தியின் வயிறு கண்ணில் பட்டது. ஐந்தாம் மாதம்.

“வேணாம்மா. பழி என் தலையிலயே கிடக்கட்டும். புள்ளைக்கு ஒண்ணு ஆயிடுச்சின்னா?”

கதிர்வேல் முதல் முறையாகச் சம்பந்தியின் முகத்தைப் பார்த்தார்.

“மாசமா இருக்கறவங்களுக்குத் தேவையில்லாம எடுக்க மாட்டோம் ஐயா. இப்ப தேவை,” என்றார் டாக்டர். “எக்ஸ்ரே கதிர் பல்லுமேல மட்டும்தான் விழும். மண்ணுலருந்தும் வானத்துலருந்தும் ஒரு நாள்ல நம்ம மேல படறதவிட கம்மி. சீழ் பரவ வுட்டாத்தான் ஆபத்து.”

கீர்த்தி பல்லிடுக்கில் பேசினாள்: “எடுங்க டாக்டர். இவங்க ரெண்டு பேரும் பேசி முடிக்கறதுக்குள்ள அந்தக் கன்னமும் வீங்கிடும்.”

ஈயக் கவசம் போர்த்தினார்கள். கண் மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்தது. திரையில் பற்கள் வரிசையாக நின்றன. கடைசியில் ஒன்று மட்டும் படுத்துக்கிடந்து தனக்கு முன்னால் இருந்த பல்லை முட்டியது. தறிப் பாவில் ஓர் இழை விலகினாலும் கண்டுபிடிக்கிற பரமசிவத்துக்கு யாரும் விரல் வைத்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

“கடைவாய்ப் பல்லு. மருந்துல வீக்கம் வடிஞ்சிடும். அப்புறம் பல்ல எடுத்துக்கலாம். புள்ளைக்கு ஒண்ணும் இல்ல.”

பரமசிவத்தின் முதுகு மெல்ல நாற்காலியில் சாய்ந்தது.

“சம்பந்தி...” என்று இழுத்தார் கதிர்வேல்.

“வுடுங்க. வாங்க, வூட்ல காப்பி சாப்பிடலாம்.”

பரமசிவத்தின் வீடிருந்த பிள்ளையார்பாளையத்தில் ஆட்டோவை விட்டு இறங்கியதும் எதிர்வீட்டு அம்சா கதிர்வேலிடம் ஓடிவந்தாள். “பொண்ண இட்டுனு போவ வந்தீங்களாண்ணா? மாமனாரு அடிச்சிட்டாராமே?”

“யாரும் அடிக்கலமா. கடவாப் பல்லு குறுக்கால முளைச்சிக்கினு இருக்குது. படத்துல நானே பாத்தேன்.”