சுவரொட்டியில் எடெம்

லாகோஸில் ஒரு இரவு விடுதியின் வாசலில் எடெம் பவுன்சர். ஒரே நேரத்தில் இரண்டு குடிகாரர்களைத் தூக்கிக்கொண்டுபோய்த் தெருவில் வைக்கிற ஆள். ஆனால் அவன் உயிர் முழுக்க நடிப்பில்தான். ஏழு வருடத்தில் பதினோரு படம் நடித்தாயிற்று. ஒன்றில்கூட வாயைத் திறக்க விடவில்லை. இப்போது அதே விடுதியில் எடுக்கிற படத்தில்தான், கொலையாகிற பவுன்சராக, நாலு வரி வசனம் கிடைத்திருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதை எடுப்பதாக ஏற்பாடு.

காலையில் இழவுக் காட்சி. அந்த ஊரிலும் யார் செத்தாலும் சுவரொட்டி ஒட்டுவார்கள்; அதேபோல விடுதிச் சுவர் நெடுக எடெமின் போட்டோவை முந்தின நாளே ஒட்டியிருந்தார்கள். கீழே கதையில் வருகிற பெயர். போட்டோ மட்டும் அவனே கொடுத்தது: அத்தானின் கோட்டை மாட்டிவிட்டு, அக்கா அஃபியோங் தன் செலவில் ஸ்டுடியோவில் எடுத்துக் கொடுத்தது. அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்க அந்தத் தடியனுக்குத் தோன்றவில்லை.

கேமரா எதிர்மாடியில் ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் தாயாக நடித்தவளுக்கு எவ்வளவு கிளிசரின் போட்டும் அழுகை வரவில்லை. டைரக்டர் கயோடே இரும்புக் கதவுக்கு உள்ளே, சின்னத் திரையைப் பார்த்துப் பல்லைக் கடித்தபடி நின்றார். பக்கத்தில் எடெம்.

அப்போது கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஒருத்தி ஓடிவந்தாள். கையெல்லாம் பாமாயில், காலில் ஒற்றைச் செருப்பு. அதே நகரத்தில், முஷின் பகுதியில் சாப்பாட்டுக் கடை போட்டிருக்கும் அஃபியோங்தான். பஸ்ஸில் போன யாரோ சுவரொட்டியைப் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். தம்பிக்குப் போன் போட்டுப் பார்த்திருக்கிறாள்; எல்லோர் போனையும் படக்குழு அணைத்துப் பையில் போட்டு வைத்திருந்தது.

"ஐயோ எடெம்! பேரக்கூடத் தப்பாப் போட்டுட்டாங்களேடா! உன் பேரு தெரிஞ்ச ஒருத்தன்கூடவா பக்கத்துல இல்ல?"

தலைத்துணியைப் பிய்த்தெறிந்துவிட்டுத் தரையில் புரண்டாள். எடெம் கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்தான்.

கயோடே அவன் மார்பில் உள்ளங்கையை வைத்தார். "அசையாத."

"சார், அது எங்க அக்கா!"

"தெரியுதுடா. அதான் சொல்றேன். இந்த மாதிரி அழுகை காசு குடுத்தாலும் கிடைக்காது. ஒரு நிமிஷம் பொறு. இப்ப நீ வெளிய போனா ஷாட் போச்சு, உன் நாலு வரியும் போச்சு."

ஒல்லிக் கை. எடெம் மூச்சை இழுத்து விட்டிருந்தாலே நகர்ந்திருக்கும். ஆனால் அவன் நின்றான். வருகிறவர் முகம் பார்த்து உள்ளே விட அந்தக் கதவில் ஒரு வட்டத் துளை உண்டு. அதில் கண்ணை அழுத்திக்கொண்டு, அக்கா சுவரில் தலையை மோதுவதைப் பார்த்தபடியே நின்றான்.

"கட்!" என்றதும் தெருவே கைதட்டியது. அஃபியோங் மிரண்டு விழித்தாள். கதவு திறந்தது.

"அக்கா, நான் சாகலக்கா. சினிமாக்கா!"

அவள் அவன் தோளை, காதை, பல்லைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அறைந்தாள். கட்டிக்கொண்டாள். "பாவிப் பயலே! இவ்வளவு நேரம் எங்கடா போயிருந்த?"

"பின்பக்கம் இருந்தேன்க்கா. சத்தம் கேட்டு இப்பத்தான் ஓடியாந்தேன்."

முகத்தில் ஒரு தடுமாற்றமும் இல்லை. அவன் நன்றாக நடித்தது அன்றைக்குத்தான்.

அவன் கண்ணைச் சுற்றி ஏதோ அழுக்கு என்று நினைத்து அவள் விரலால் துடைத்தாள். துரு. வட்டமாக இருந்தது. விரலைப் பார்த்தாள், கதவுத் துளையைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்க்கவில்லை.

கயோடே பல்லெல்லாம் தெரிய வந்தார். "அம்மா, பிரமாதம்! கிட்டக்க வச்சு இன்னொரு தடவை எடுத்துக்கிறோம், அழுறீங்களா?"

"இவன அழச் சொல்லுங்க. இவன்தான் எல்லாத்தையும் பாத்துக்கிட்டு நின்னானே."

சுவரொட்டியிலிருந்து போட்டோவை மட்டும் கிழித்து மடியில் செருகிக்கொண்டு, ஒற்றைச் செருப்போடு நடந்தாள். எடெம் "அக்கா, அக்கா" என்று பின்னாலேயே பத்தடி ஓடினான்.

"எடெம்! மழை வரும்போல இருக்கு, உன் வசனத்த இப்பவே எடுத்துடலாம், வா!" என்று கயோடே கத்தினார்.

தெருமுனையில் அஃபியோங் திரும்பிப் பார்த்தபோது, எடெம் நின்றுவிட்டிருந்தான்.