ஆர்டிஸ் வீட்டுக்குப் போகும் விமானம்

ஹால்வர் நெஸ்டால் தன் கொட்டகையில் கட்டிக்கொண்டிருந்த விமானம், என்ஜின் பொருத்துவதற்கு முந்தைய வசந்தத்திலேயே, சாயங்காலம் ஆறு மணியானால் ஆர்டிஸ் லண்டின் வீட்டுக்குப் போக ஆரம்பித்துவிட்டது. கொட்டகைக் கதவு திறந்திருந்தால் சாவகாசமாக உருண்டு வெளியே வரும். புல் ஓடுபாதையைத் தாண்டி, சோயா வயலை ஒட்டிய வண்டித்தடத்தில் அரை மைல் போய், அவளுடைய சமையலறை ஜன்னலுக்கு எதிரே மூக்கைத் திருப்பி நிற்கும். கதவு பூட்டியிருந்தால் திறக்கும்வரை கதவை முட்டிக்கொண்டிருக்கும். எல்ஸ்ட்ரூம் என்ற அந்தச் சிற்றூரில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தரை அந்தப் பக்கம் சரிவோ என்று ஒருவர் அளந்து பார்த்தார். உண்மையில் அது மேடு. அதோடு விட்டுவிட்டு, அந்த ஆண்டு மக்காச்சோளம் காயவில்லையே என்ற பேச்சுக்குப் போய்விட்டார்கள். குளிர்காலத்தில் பனி அள்ளும் வண்டிக்காரர் விமானத்துக்கென்று ஓர் இடைவெளி விட்டுத் தள்ளுவார்.

ஆர்டிஸ் கணவனை இழந்தவள். ஹால்வர் ஐம்பதைத் தொட்ட பிறகும் கல்யாணம் செய்துகொள்ளாதவன், பள்ளிப் பேருந்துகளைப் பழுதுபார்ப்பவன். விமானம் வந்து நின்றதும் அவள் தொலைபேசியில் கூப்பிட்டு, வந்து ஓட்டிக்கொண்டு போங்கள் என்பாள். அவன் தொப்பியை மாட்டிக்கொண்டு நடப்பான். ஆளுக்கொரு பக்கம் இறக்கையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு, மழையையும் மான்களையும் பற்றிப் பேசியபடி இருவரும் கொட்டகைக்குத் திரும்புவார்கள். முதல் ஆண்டில் ஒருநாள் அவள் அவனைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். வேண்டாம் என்றான். மறுபடி சொன்னாள். வேண்டாம் என்றான். மூன்றாவது தடவை சொன்னால் உட்கார்ந்துவிடலாம் என்று தொப்பியைக்கூடக் கழற்றியிருந்தான். எல்ஸ்ட்ரூமில் மரியாதையாக வளர்ந்த எவனும் இரண்டு தடவை மறுத்துவிட்டு மூன்றாவதில்தான் ஒப்புக்கொள்வான். அதற்குள் அவளுடைய மகளிடமிருந்து தொலைபேசி வந்தது. அதன்பின் எட்டு ஆண்டுகள் போயின. என்ஜின் வந்தது, இறக்கைக்கு மஞ்சள் வண்ணம் பூசியாயிற்று, மகள் அரிசோனாவில் குடியேறினாள். மூன்றாவது தடவை மட்டும் வரவில்லை.

காப்பிக் கடையில் நண்பர்கள் சும்மா இருப்பார்களா? விமானச் சங்கத்து லயல்தான் அதிகம் சீண்டுவான். "என்னப்பா ஹால்வர், பறக்கக் கத்துக்கறதுக்கு முன்னாடியே உன் வண்டி பொண்ணு பாக்கப் போயிடுச்சே. நீ எப்போ போகப்போற?" என்பான். ஹால்வர் சிரித்துக்கொண்டே காப்பியைக் கலக்குவான். அந்த அக்டோபரில் அதே லயல்தான், ஆர்டிஸ் வீட்டை விற்றுவிட்டு மகளிடமே போகப்போகிறாள், அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கையெழுத்தாம் என்ற செய்தியையும் கொண்டுவந்தான். அன்று ஹால்வர் காப்பியைக் குடிக்கவில்லை. எட்டு ஆண்டுகளாகச் சாயங்காலம்தோறும் ஒரு விமானம் வாசலில் வந்து நின்றால் எந்தப் பெண்தான் தாங்குவாள் என்று யோசித்தான். அவளை ஊரைவிட்டே விரட்டியது தன் விமானம்தான் என்று முடிவு செய்தான். கடைசி நாட்களிலாவது அவள் நிம்மதியாக இருக்கட்டும் என்று பிரேக்கைச் சரிசெய்ய உட்கார்ந்தான்.

பிரேக் ஏற்கெனவே இருந்ததுதான். ஆனால் எண்ணெய் போகும் அலுமினியக் குழாய்கள் சக்கரக்கால் வளைகிற இடத்தில் விரிசல் விட்டு ஒழுகிவிடும். அதனால் எஃகுக் கம்பி பின்னிய, வளையக்கூடிய குழாய்களை வரவழைத்தான். விமானத்தை முட்டுக்கட்டைமேல் ஏற்றி, சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும்போதே முதல் ஜோடிக்கு அளவெடுத்துவிட்டான். கீழே இறக்கிப் பார்த்ததும் கால்கள் அகன்று, குழாய் தந்திபோல் விறைத்தது. தலையில் அடித்துக்கொண்டு, கால் அகல்வதற்கு இடம்விட்டு அடுத்த ஜோடியை வாங்கினான். குழாய்மேல் நீளவாக்கில் அச்சடித்த கோடு எங்கும் சுற்றிக்கொள்ளாமல், முறுக்கில்லாமல் பொருத்தினான். இதற்கெல்லாம் சில நாட்கள் பிடித்தன. விமானம் முட்டுக்கட்டைமேலேயே இருந்ததால் அது எங்கும் போகவில்லை. ஆறு மணிக்குச் சக்கரங்கள் மட்டும் அந்தரத்தில் மெதுவாகச் சுற்றும்.

வியாழக்கிழமை ஆர்டிஸ் தானே நடந்து வந்தாள்.

"கொஞ்ச நாளா வரல. உடம்பு சரியில்லையோன்னு பாக்க வந்தேன்" என்றாள்.

"எனக்கா?"

"விமானத்துக்கு."

குழாயில் எண்ணெய் ஏற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சக்கரத்தடியில் படுத்து கீழிருந்து சிவப்பு எண்ணெயை அழுத்த வேண்டும். இன்னொருவர் மேலே உள்ள சின்னக் கிண்ணத்தில் காற்றுக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். லயல்தான் வருவதாக இருந்தது. அவன் வாசலில் எட்டிப் பார்த்து, ஆர்டிஸ் கையில் டார்ச் விளக்கோடு நிற்பதைக் கண்டு, தனக்கு முதுகுவலி என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான்.

"குமிழி வருதா?" என்று ஹால்வர் கீழிருந்து கேட்டான்.

"வருது. இது சரியாயிட்டா இனிமே அங்க வராது, இல்லையா?"

"வராது. உங்களுக்கும் தொந்தரவு இருக்காது."

ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாததுதான் நல்லதாகப் போயிற்று.

"தொந்தரவுன்னு நான் எப்பவாவது சொன்னேனா?"

"வந்து ஓட்டிட்டுப் போங்கன்னு தினம் ஃபோன் பண்ணீங்களே."

"ஆமா. ஓட்டிட்டுப் போகணும்னா நீங்க முதல்ல வரணும்ல?"

ஹால்வர் எண்ணெயை அழுத்த மறந்துவிட்டான். "அன்னிக்கு ரெண்டு தடவதான் சாப்பிடச் சொன்னீங்க. நான் மூணாவதுக்குக் காத்துட்டிருந்தேன்" என்றான்.

"நான் ஃபோனை வெச்சிட்டுத் திரும்பிப் பாத்தேன். நீங்க தொப்பியப் போட்டுட்டு வாசல்ல நிக்கறீங்க. அப்புறம் என்னன்னு கேக்கறது? அழுத்துங்க, குமிழி நின்னுபோச்சு."

மிச்ச எண்ணெயும் ஏறியது. அவன் சொன்னபடி அவள் விமானத்தில் ஏறி பிரேக் பலகையை மிதித்தாள். ஆறு மணியிலிருந்து சுற்றிக்கொண்டிருந்த சக்கரங்கள் நின்றன. கல் மாதிரி இருக்கிறது என்றாள். பிரேக்கை எடுத்துவிடட்டுமா என்று ஹால்வர் கேட்டான். விமானம் உங்களுடையது, உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டு, நாளைக்குச் சாயங்காலம் ஏழு மணிக்குக் கையெழுத்து இருக்கிறது என்று கிளம்பிப் போனாள்.

அன்றிரவு ஹால்வர் நெடுநேரம் விழித்திருந்தான். எட்டு ஆண்டுகளாகத் தான் போகவேண்டிய இடத்துக்கு விமானத்தை அனுப்பிக்கொண்டிருந்தது அவனுக்கு உறைத்தது. மறுநாள் விமானத்தைத் தரையில் இறக்கி, பிரேக்கை இறுக்கிப் பூட்டினான். சலவைச் சட்டை போட்டுக்கொண்டான். ஆறு மணிக்கு விமானம் ஒருமுறை திமிறியது. குழாய்கள் விறைத்தன, ஒரு சொட்டு எண்ணெய்கூடக் கசியவில்லை, சக்கரம் அசையவில்லை. ஹால்வர் அதைத் தட்டிக்கொடுத்துவிட்டு, தானே கால்நடையாகப் புறப்பட்டான்.

ஓடுபாதையின் முனையைத்தான் எட்டியிருப்பான். அறுவடை முடிந்த சோயா வயலின் குறுக்கே ஆர்டிஸின் வீடு வந்துகொண்டிருந்தது. புகைபோக்கியில் புகை, சமையலறையில் விளக்கு, பின்னால் இழுபட்டு வரும் துணிக்கொடி. அறுவடை இயந்திரத்தைவிட அதிக வேகமில்லை. ஆர்டிஸ் வாசற்படியில் அடுப்புக் கையுறையோடு நின்றிருந்தாள்.

"சீக்கிரம் ஏறுங்க. இது எங்க நிக்கும்னு எனக்குத் தெரியாது" என்றாள்.

பேருந்தில் தொற்றுவதுபோல் ஹால்வர் படியில் தொற்றி ஏறினான். வீடு விமானத்தின் மூக்குக்கு எதிரே, ஜன்னலை அதன் பக்கம் வைத்து நின்றது. உள்ளே உருளைக்கிழங்கும் இறைச்சியும் போட்ட ஹாட்டிஷ் சூடாகவே இருந்தது. கையெழுத்துப் போட யாரும் போகவில்லை. விலை பேசியவர் வந்து, வீடு இருந்த குழியைப் பார்த்துவிட்டு, வேறு இடம் தேடிக்கொண்டார். மகள் தொலைபேசியில் கேட்டது, தண்ணீர்க் குழாய்கள் உடையவில்லையே என்று மட்டும்தான். அவர்களுக்கு ஜனவரியில் கல்யாணமானது. விமானம் ஜூனில் இருவரையும் சுமந்து பறந்தது. பழைய குழியில் மழைநீர் தேங்கி வாத்துகள் குடியேறின. நிலவரித் துறையினர் வரைபடத்தில் ஒரு கோட்டை அழித்து வேறொன்று போட்டார்கள். தபால்காரர் ஆர்டிஸின் தபால்பெட்டியைப் பிடுங்கித் தன் வண்டியிலேயே கொண்டுவந்தார். சாலைக்கு எந்தப் பக்கம் நடவேண்டும் என்று கேட்டு, நட்டுவிட்டுப் போனார்.