உதறு, பாரு, சொல்லு

பள்ளியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்குக் கோச் டுப்ளெசி போட்டது ஒரே சட்டம். ஒவ்வொரு மோதலுக்கும் முன்னால் பதினோரு பேரும் கோட்டுக்கு வெளியே நிற்கும் அவரைத் திரும்பிப் பார்க்க வேண்டும். தொப்பியைத் தொட்டால் எதிராளி பந்தை எறிவான், பின்னால் போ. வயிற்றைத் தட்டினால் பந்தைக் கட்டிக்கொண்டு ஓடி வருவான், முன்னால் பாய். "யோசிக்கிறது என் வேலை, முட்டுறது உங்க வேலை" என்பார். லூசியானாவின் அந்தச் சின்ன ஊரில் பாதிரியாரைக்கூட எதிர்த்துப் பேசலாம், கோச்சை எதிர்த்து மூச்சு விட முடியாது.

அல்சீட் விட்டான்.

போன சீசன் முழுக்கத் தோள் எலும்பு முறிந்து பெஞ்சில் கிடந்தவன் அவன். அங்கிருந்து பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. இவர்கள் திரும்பி நின்று தொப்பியை ஆராய்ந்துகொண்டிருக்கும்போதே எதிராளி பந்தை எடுத்துக்கொண்டு போயே விடுகிறான்! இன்னொன்றும் கண்ணில் பட்டது. எதிர்வரிசைத் தடியன்கள் குனிந்து தரையில் விரல் ஊன்றி நிற்பார்கள். நகம் வெளுக்க அழுத்தினால் ஓட்டம். சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் எறிதல்.

கோச்சிடம் போய்ச் சொன்னான். "பெஞ்சுல குந்தியிருந்த பய எனக்குப் பாடம் எடுக்கிறியா? போடா அந்தப் பக்கம்!"

அந்தப் பக்கம்தான் போனான். பஸ்ஸின் கடைசி சீட்டில் கூட்டாளிகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தான். உதறு: போன மோதலில் அடி வாங்கினாயோ கொடுத்தாயோ, தொடையில் ஒரு தட்டு, அதோடு போச்சு. பாரு: எதிரில் இருப்பவன் விரலை. சொல்லு: பார்த்ததை வாய்விட்டு, பக்கத்தில் இருப்பவனுக்குக் கேட்கிற மாதிரி.

"என்ன மச்சான், ஜெபக் கூட்டமா?" என்றான் ஓவிட். அல்சீடுக்கு அவன்தான் மாற்று ஆள். கோச் தும்மினாலே நடுங்குகிறவன்.

"ஜெபத்துக்குக் கண்ணை மூடணும். இதுக்குத் திறக்கணும்டா."

விஷயம் கோச் காதுக்கு எட்டியது. "என் சைகையை மீறிப் பாரு. சட்டையைக் கழட்டி வாங்கிடுவேன்" என்றார். அல்சீடுக்கு அந்தச் சட்டைதான் உயிர். அதற்காக ஒரு வருஷம் காத்துக் கிடந்திருக்கிறான்.

சனிக்கிழமை, ஆற்றுக்கு அக்கரைப் பள்ளியோடு ஆட்டம். இவர்களுக்கு நூலிழை முன்னிலை. ஆட்டம் முடியும் நேரத்தில் அக்கரைக்காரன் எல்லைக்கோட்டின் வாசலுக்கே வந்துவிட்டான். இன்னும் இரண்டே முயற்சிகள்; அதற்குள் கோட்டைத் தாண்டினால் வெற்றி அவர்களுக்கு.

"என்ன தம்பி, அம்மா பால் குடுத்து அனுப்புனாங்களா?" என்று எதிரில் குனிந்திருந்த தடியன் இளித்தான்.

அல்சீட் தொடையைத் தட்டினான். கோச் தொப்பியைத் தொட்டார். தடியனின் நகங்களோ வெளுத்திருந்தன.

"ஓட்டம்! ஓட்டம்டா!" என்று கத்தியபடி பாய்ந்தான். பந்தோடு வந்தவன் அவன் தோளில் மோதி மல்லாந்தான். கேலரி எழுந்து கூத்தாடியது. கோச் மட்டும் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி அவனைக் கூப்பிட்டார்.

"நான் எதைத் தொட்டேன்?"

"தொப்பியை."

"நீ என்ன பண்ணே?"

"அவன் விரலைப் பார்த்தேன் கோச்."

"கழட்டு."

மன்னிச்சிடுங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கோச் அதற்காகவே கொஞ்சம் காத்திருந்தார். அல்சீட் சட்டையை உருவி அவர் கையில் திணித்தான்.

"திரும்பவும் அதைத்தான் பார்ப்பேன்."

ஓவிட் உள்ளே ஓடினான். "என்னையே பாருடா!" என்று கோச் பின்னாலிருந்து கத்தினார். கடைசி முயற்சி. கோச் வயிற்றைத் தட்டினார்.

யாரும் திரும்பவில்லை. மறுபடியும் தட்டினார், பலமாக. பதினோரு முதுகுகள் அப்படியே நின்றன. பிறகு களத்தில் படபடவென்று தொடைகள் தட்டப்படும் சத்தம் கேட்டது.

"விரல் லேசா இருக்கு! எறியப் போறான்!" என்றது ஒரு கீச்சுக்குரல். ஓவிட்!

எறியத்தான் எறிந்தான். பின்னால் ஓடி எம்பிய ஓவிட்டின் கையில் பட்டுப் பந்து புல்லில் விழுந்தது. ஆட்டம் முடிந்தது.

கோச்சின் ஒரு கை இன்னும் வயிற்றின் மேலேயே இருந்தது. இன்னொரு கையில் அல்சீடின் சட்டை. அல்சீட் அதை ஒரு தடவை பார்த்தான். தன் தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டு, வெற்று முதுகோடு களத்துக்குள் ஓடினான்.