சொந்தத் தம்பியின் சிவப்பு அட்டைகள்

மேனேஜர் எல்லோர் முன்னாலும் பாராட்டியபோது அவளுக்குத் தரைக்குள் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது. "சொந்தத் தம்பின்னுகூட பாக்கல பாருங்க. செக்கிங்னா இப்படி இருக்கணும்" என்றார் அவர். எல்லோரும் கைதட்டினார்கள். பின்வரிசையில் நின்று தம்பியும் தட்டினான். பட்டப்பெயரே ஒட்டடைக்குச்சி, சுருக்கமாக ஒட்டடை; அந்த உயரத்துக்கு எங்கே நின்றாலும் தெரிந்து தொலைவான். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அவனிடம் சற்று முன்புதான் சொல்லியிருந்தார்கள்.

அங்கே தயாராவது கார்களுக்கான அதிவேக சார்ஜர்கள். ஒரு டீயை ஆற்றிக் குடிப்பதற்குள் சார்ஜ் ஏறி கார் கிளம்பிவிடும். அவ்வளவு கரண்ட் பாய்ந்தால் கேபிள் வெந்துபோகும் என்பதால், அதற்குள்ளே குழாய்களில் குளிர்ந்த திரவம் ஓடும். குழாய்களைச் சேர்த்து முடுக்குவது ஒட்டடையும் இன்னும் சிலரும் செய்கிற வேலை. அழுத்தம் கொடுத்துப் பார்த்து, துளி கசிந்தாலும் சிவப்பு அட்டை மாட்டித் திருப்பி அனுப்புவது அவள் வேலை.

சட்டம் அப்படி. ஆனால் அவள் கோட்டுப் பையில் ஒரு சின்ன ஸ்பேனர் இருந்தது. கசிவைக் கண்டால் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அரைச்சுற்று முடுக்கி, துடைத்து, மறுபடி சோதித்து அனுப்பிவிடுவாள். பிள்ளைகுட்டிக்காரர்கள், பாவம், பிழைத்துப்போகட்டும் என்று நினைப்பாள். தொழிற்சாலையே அவளை அக்கா என்றுதான் கூப்பிடும். கூடப்பிறந்தவனுக்கு மட்டும் அந்த ஸ்பேனர் வெளியே வந்ததில்லை. வேலை வாங்கிக் கொடுத்ததே அவள். நாலு பேர் வாயில் விழக்கூடாதே என்ற பயம். அவனுடையது கசிந்தால் அட்டைதான். ஆர்டர் குறைந்து ஆட்களைக் குறைக்க வேண்டி வந்தபோது, யாருக்கு அட்டை அதிகம் என்று மட்டும்தான் கம்பெனி பார்த்தது. நல்ல பெயருக்கு ஆசைப்பட்டுத் தம்பி வயிற்றில் அடித்துவிட்டோமே என்று அவள் மனசு கிடந்து தவித்தது.

ஒட்டடை பெஞ்சில் உட்கார்ந்து கம்பெனி ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"நான் மேனேஜர்கிட்ட போறேன்டா. மத்தவங்களுதும் கசிஞ்சுது, நான்தான் சரி பண்ணி விட்டேன்னு சொல்லிடறேன்."

"சொன்னா உன்னையும் அனுப்பிடுவாங்க. அவங்களையும் சேர்த்து. பேசாம இரு, அக்கா."

"உனக்கு எப்படிடா..."

"ஸ்பேனர் விஷயம் எல்லாருக்கும் தெரியும்கா." ஷூவுக்குள் லேஸைச் சுருட்டி வைத்தான். "ஒரு நாளாவது நீ எனக்கும் அதை எடுப்பேன்னு பாத்துட்டே இருந்தேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். சின்ன வயதில் தின்பண்டத்தில் தன் பங்கைக் கேட்கிற குரலில் சொன்னான். ஷூவை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

மேனேஜர் அறைக்குப் போகும் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்று அவள் வாசலைப் பார்த்தாள். வெளியே போகிறவர்களைக் காவலாளி தடவிப் பார்த்துத்தான் விடுவார். ஒட்டடை கைகளைத் தூக்கினான். வழக்கமாக அவன் உயரத்தைக் கேலி பண்ணுகிறவர், இன்று வாய் திறக்காமல் தடவிவிட்டு விலகி வழிவிட்டார். கைகளை இறக்க மறந்து அவன் அப்படியே நின்றுகொண்டிருந்தான்.