காது அடைச்சிருச்சு

2024 ஜூலை 8, திங்கட்கிழமை. போடிமெட்டுச் சாலையின் பதினோராவது வளைவில், காலை ஆறு மணிக்கு, மாயக்காளின் இடது காது அடைத்துக்கொண்டது.

அதில் யாரும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் போகிற எல்லோருக்கும் அந்த மலையில் எங்காவது ஓரிடத்தில் காது அடைக்கும். சிலருக்கு எட்டாவது வளைவில், சிலருக்கு உச்சிக்குப் போனபிறகு. கொட்டாவி விடுவார்கள், எச்சில் விழுங்குவார்கள், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதுவார்கள். டப்பென்று திறந்துவிடும். அப்படியும் திறக்காதவர்களுக்குச் சாயங்காலம் இறங்கும்போது, மலையடிவாரத்து முந்தல் வருவதற்குள் திறந்துவிடும். ஜீப்பை ஓட்டிய பாண்டியராஜ் பத்தொன்பது வருடமாக அந்தச் சாலையில் ஏறி இறங்குகிறவன், மாயக்காளின் கணவன். புதிதாக வேலைக்கு வரும் பெண்கள் காதைப் பொத்திக்கொண்டு முழிப்பதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "எச்சிய முழுங்கு தாயி, ஒண்ணுஞ் செய்யாது" என்பான். வண்டியில் அவனுக்குக் காது டாக்டர் என்றே பேர்.

"மாமா, காது அடைச்சிருச்சு" என்றாள் மாயக்காள்.

"எறங்கயில தெறந்துரும்" என்றான், திரும்பாமல்.

பின்சீட்டிலிருந்து, கூட வேலை செய்யும் சுப்புத்தாய், "டாக்டரு பொண்டாட்டிக்கே அடைச்சிருச்சா? பீஸு வாங்காமப் பாப்பாரா?" என்றாள். வண்டியே சிரித்தது. மாயக்காளும் சிரித்தாள். சிரிப்பு ஒரு பக்கம் மட்டும் கேட்டது.

சாயங்காலம் முந்தல் தாண்டியது, போடி பஸ் நிலையமும் வந்தது. திறக்கவில்லை. அதற்குப் பதில் காதுக்குள் ஓர் இரைச்சல் வந்து உட்கார்ந்துகொண்டது, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் காற்றாடி ஓடுவதுபோல. மறுநாள் காலை மறுபடி மலை. வலது காது அடைத்தது, சாயங்காலம் திறந்தது. இடது காது அப்படியே இருந்தது. தினமும் ஏறி இறங்கியதால், அது அன்றன்று புதிதாக அடைத்த காது என்றே எல்லோரும் நினைத்தார்கள். மாயக்காளும் அப்படித்தான் நினைத்தாள். ஜீப்பில் தன் வலப்பக்கம் ஆள் இருக்கும்படி இடம் மாறி உட்கார்ந்துகொண்டாள், அவ்வளவுதான்.

பன்னிரண்டாம் நாள், சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்: "தேனிக்குப் போயி ஒரு எட்டு காட்டிட்டு வந்துருவமா?"

"காய் எடுக்குற நேரத்துல ஒரு ஆளு கொறஞ்சா சூப்பர்வைசர் மொக்கச்சாமி அண்ணே என்னயத்தான் கேப்பாரு. உனக்கு மலக்காத்து ஏறி நிக்கிது. மழ விட்டா போயிரும். வெள்ளப்பூடு கொண்டா."

அவனே நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சினான். புறங்கையில் விட்டுச் சூடு பார்த்தான். அவளை மடியில் சாய்த்துச் சொட்டுச் சொட்டாக ஊற்றிப் பஞ்சு வைத்தான். அன்பாகத்தான் செய்தான்.

ஆகஸ்டு கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதுரையில் படிக்கும் மகள் பவித்ரா போன் செய்தாள். பழக்கத்தில் இடது காதில் வைத்த மாயக்காள், லைன் செத்துவிட்டது என்று மூன்று முறை வைத்துவிட்டாள். நாலாவது முறை பவித்ரா அப்பாவின் போனுக்கு அடித்து, "அம்மாவ நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறீங்க" என்றாள். அவள் சொன்னால் பாண்டியராஜ் மறுப்பதில்லை.

தேனியில் அந்தக் காது மூக்கு தொண்டை மருத்துவரின் பெயர் சுசித்ரா. கவை போன்ற ஒரு கம்பியை முழங்கையில் தட்டி அதிரவிட்டு, மாயக்காளின் நெற்றி நடுவில் அதன் அடியை ஊன்றினார்.

"எந்தப் பக்கம் கேக்குது?"

"வலது பக்கம்."

பிறகு கண்ணாடி அறையில் உட்காரவைத்து எடுத்த கேட்கும் திறன் வரைபடத்தைப் பார்த்தபடி சொன்னார்: "மலையில அடைக்கிற அடைப்பா இருந்தா, அடைச்ச பக்கம்தான் இது சத்தமாக் கேக்கும். இவங்களுக்கு நேர்மாறாக் கேக்குது. வெளிய இருந்து வர்ற சத்தம் செவிப்பறையில பட்டு, மூணு குட்டி எலும்பைத் தாண்டி, உள்ள நத்தைக்கூடு மாதிரி ஒண்ணு இருக்கு, அங்க போகுது. அதுக்குள்ள மயிரிழை மாதிரி செல்லுங்க இருக்கு. அதுதான் சத்தத்தை நரம்புக்கு மாத்திக் குடுக்கும். மலை ஏறினா செவிப்பறைக்கு ரெண்டு பக்கமும் காத்தழுத்தம் மாறுது, அதனால அடைக்குது. இது அங்க நடக்கல. உள்ள நடந்திருக்கு."

"பத்தொம்பது வருசமா வண்டி ஓட்டுறேன் டாக்டரம்மா. யாருக்கும் இப்பிடி ஆனதில்ல" என்றான் பாண்டியராஜ்.

"மலையால ஆனதில்லைங்க. வீட்ல தூங்கி எந்திரிக்கும்போதும் வரும். வைரஸா இருக்கலாம், ரத்த ஓட்டமா இருக்கலாம். நிறையப் பேருக்குக் காரணமே தெரியாது." மாயக்காள் பக்கம் திரும்பி, வலது காதுக்கு நேராகக் குனிந்து கேட்டார்: "மொதல் நாள் வீட்ல என்னன்னு சொன்னீங்க?"

"காது அடைச்சிருச்சுன்னு சொன்னேன்."

"கேக்கலன்னு சொல்லலையா?"

மாயக்காள் யோசித்தாள். அப்படி ஒரு வார்த்தை அவள் வாயில் வரவேயில்லை. மலையில் போகிறவர்களுக்குக் காது அடைக்கும், திறக்கும். கேட்காமல் போவது வேறு யாருக்கோ நடப்பது.

"ரெண்டு வாரத்துக்குள்ள வந்திருந்தா மாத்திர குடுத்துப் பாத்திருக்கலாம். திரும்பியிருக்கும்னு சத்தியம் பண்ண முடியாது. வாய்ப்பு இருந்துச்சு. இப்ப நாப்பத்தொம்பது நாளாச்சு."

திரும்பி வரும்போது பஸ்சில் பாண்டியராஜ் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னான்: "உன் காது, உனக்கே தெரியலேன்னா நான் என்ன செய்ய?" அவள் வலது பக்கம்தான் அவன் உட்கார்ந்திருந்தான்.

ஒரு சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை இரண்டு காதும் சேர்ந்துதான் சொல்கின்றன. ஒரு காதுக்கு இம்மி முந்தியும் மற்றதற்கு இம்மி பிந்தியும் வருவதை வைத்து மூளை திசையைக் கண்டுபிடிக்கிறது. ஒற்றைக் காதுக்குச் சத்தம் உண்டு, திசை இல்லை. செப்டம்பர் 4 அன்று, தோட்டத்தின் ஓடையோரச் சரிவில் மாயக்காளும் மற்றவர்களும் காய் எடுத்துக்கொண்டிருந்தபோது, கீழே ஓடைக்குள்ளிருந்து வாட்சர் கத்தினார்: "யான! யான!" எல்லோரும் மேட்டைப் பார்த்து ஓடினார்கள். மாயக்காள் சத்தத்திலிருந்து தப்பிப்பதாக நினைத்துச் சத்தத்தை நோக்கியே ஓடினாள். சுப்புத்தாய் பாய்ந்துபோய் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"எங்கடி போற, அதுகூடக் குடும்பம் நடத்தவா?"

யாரும் சிரிக்கவில்லை. யானைகள் ஓடையைக் கடந்து அந்தப் பக்கம் போய்விட்டன.

சாயங்காலம் ஸ்டோர் வாசலில் சூப்பர்வைசர் மொக்கச்சாமி பாண்டியராஜைக் கூப்பிட்டார். மாயக்காள் பக்கத்திலேயே, சாக்கை மடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு இனி எதுவும் கேட்காது என்கிற நினைப்பு இருவருக்கும் எப்படியோ வந்திருந்தது.

"என்னப்பா இது, திடீர்னு?"

"திடீர்னு இல்லண்ணே. சின்னதுலருந்தே காதுல சீழு வடியும். நான் கட்டிக்கிட்டு வர்றப்பயே மந்தந்தான்."

மாயக்காள் சாக்கைக் கீழே போட்டாள். "எனக்கு ஒரு நாளுஞ் சீழு வடிஞ்சதில்ல. எறங்கயில தெறந்துரும், எறங்கயில தெறந்துரும்னு ஏழு வாரம் சொன்னது இவரு."

பாண்டியராஜ் ஜீப் சாவியைப் பார்த்தான். ஏற வந்த பெண்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

"அது ஓங்க வீட்டுக் கத, தாயி" என்றார் மொக்கச்சாமி, கோபமில்லாமல். "நாளைக்கு யான வந்தா எந்தப் பக்கம் ஓடுவ? அதச் சொல்லு."

மாயக்காள் குனிந்து சாக்கை எடுத்து மடித்தாள்.

செப்டம்பர் 9, திங்கட்கிழமை காலை ஐந்தேகாலுக்கு ஜீப் போடியை விட்டுப் புறப்பட்டது. மாயக்காளின் இடத்தில் பக்கத்துத் தெரு முத்துப்பிரியா உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் பாண்டியராஜே அவள் வீட்டுக்குப் போய்ப் பேசி முடித்திருந்தான். ஆள் குறையவில்லை. எப்போதும்போலப் பதினொரு பேர்.