நுமாதாவின் பைக்கில் மாட்டிய வழிகாட்டி

நுமாதா-சான் ஜி.பி.எஸ். பெட்டியோடு என் பட்டறைக்கு வந்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜப்பானின் கெசென்னுமாவில் முப்பத்தாறு வருடம் பைக்கில் தபால் கொடுத்தவர் அவர். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டில் மணி அடித்தால் கேட்காது என்பதுவரை தெரியும்.

"ஊருக்கே வழி சொன்ன ஆளு! உங்களுக்கு எதுக்கு இது, ஸ்டைலுக்கா?"

"வாயாடி. உங்கப்பா இருந்தப்போ இந்தக் கடையில இவ்வளவு பேச்சு கிடையாது, மிசாவோ. மாட்டுறியா, வேற கடைக்குப் போகவா?"

பின்சீட்டிலிருந்து இறங்கிய அவர் மனைவி கியோ-சான் சிரிக்கவில்லை. நுமாதா-சான் வெளியே டின் காபி வாங்கப் போனதும் கியோ-சான் என் பக்கம் வந்தார்.

"போன மாசம் டோஃபு வாங்கப் போனவரு, நாலு மணி நேரம் கழிச்சுப் பக்கத்து ஊர் பெட்ரோல் பங்குல இருந்து போன் பண்ணாரு. டாக்டர் மறதி நோயா இருக்கும்னு சந்தேகப்படறாரு. சோதனை முடிவு இன்னும் வரலை. பைக்கை விட்டுடுங்கன்னா கேக்கலை. இது இருந்தா வீடு வந்து சேர்ந்துடுவேங்கறாரு."

மாட்ட மாட்டேன் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவர் மூன்று பேருக்கும் காபியோடு திரும்பி வந்தார். நான் ஒரு டின்னை வாங்கி வைத்துவிட்டு ஸ்பேனரை எடுத்தேன்.

ஹேண்டில்பாரில் கிளாம்பை இறுக்கினேன். சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும்படி ஒயரை இணைத்தேன். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, ஒயர் இழுபடவில்லை என்று பார்த்துக்கொண்டேன். கடைசியாக வீட்டு முகவரி கேட்டேன்.

துறைமுகத் தெருவில் ஒரு எண்ணை நுமாதா-சான் டக்கென்று சொன்னார்.

"அது சுனாமி அலை வர்றதுக்கு முன்னாடி இருந்த வீடுங்க," என்றார் கியோ-சான், மெதுவாக.

நுமாதா-சான் காபி டின்னையே பார்த்தார். "ஆமா. வாய் தவறிடுச்சு."

மலைமேல் இருக்கும் அரசாங்கக் குடியிருப்பின் முகவரியைக் கியோ-சான் சொன்னார். நான் அதைப் பதிந்தேன்.

மூன்று வாரம் ஒழுங்காகப் போனது. ஒரு நாள் மத்தியானம், நல்ல மழை. கடைக்குப் போனவரைக் காணவில்லை என்று கியோ-சான் போன் செய்தார். எனக்கு இடம் தெரிந்துதான் இருந்தது. கடையின் சின்ன லாரியை எடுத்துக்கொண்டு நேரே துறைமுகத் தெருவுக்குப் போனேன்.

வீடுகள் இல்லாத வெறும் மண்மேடு. கடல் தடுப்புச் சுவரோரம் பைக் நின்றது. "திரும்பிச் செல்லவும்" என்று பெட்டி சொல்லிக்கொண்டே இருந்தது. அவர் தொப்பலாக நனைந்திருந்தார்.

"இது பொய் சொல்லுது மிசாவோ! வீடு இங்கதான். நீ ஒழுங்காவே மாட்டலை."

"ஆமாங்க. நான்தான் தப்பா மாட்டிட்டேன்."

"கியோ சமைச்சு வச்சுட்டு உக்காந்திருப்பா."

"வாங்க, நானே கொண்டுபோய் விடறேன்."

பைக்கைப் பின்னால் ஏற்றியதும் அவர் முன்னால் ஏறிக்கொண்டார். மலைமேல் வீட்டில் அவரை இறக்கிவிட்டு, பைக்கைப் பட்டறைக்குக் கொண்டுவந்தேன்.

மறுநாள் காலை இருவரும் நடந்தே வந்தார்கள். நுமாதா-சான் கண் தெளிவாக இருந்தது. சாவியை மேசைமேல் வைத்தார்.

"எதுக்காகக் கொடுக்கறேன்னு தெரியறப்பவே கொடுத்துடறேன். வித்துடு."

"சரிங்க."

"நேத்து உன்னைத் திட்டினேனாமே?"

"இல்லையே. யாரு சொன்னா?"

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு, வாசலில் தபாலைக் கொடுத்துவிட்டுத் தபால்காரர்கள் குனிவதுபோல் சட்டென்று குனிந்து வணங்கினார்.

பேருந்து நிறுத்தத்துக்குக் கியோ-சான் கணவரின் சட்டைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று வழியெல்லாம் நுமாதா-சான் கையை விடுவித்துக்கொண்டே இருந்தார். கியோ-சான் மறுபடி மறுபடி பிடித்துக்கொண்டார். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நான், பேருந்து வரும்வரை ஸ்பேனரைக் கையில் எடுக்கவில்லை.