அச்சு அசலாக ஒரு கூம்பு

நான் காப்பி அடித்தேனாம். வகுப்பில் அத்தனை பேர் முன்னாலும் சிவக்குமார் சார் என் படத்தாளைத் தூக்கிப் பிடித்து, "தனப்பிரியா, ஜெராக்ஸ் தாளை அடியில வச்சு டிரேஸ் எடுத்திருக்கே. நல்ல துணிச்சல்தான்மா உனக்கு" என்றார். எனக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது. பரீட்சையில் பக்கத்தில் இருப்பவளின் தாளை எட்டிக்கூடப் பார்க்காதவள் நான். என்னைப் போய்!

விஷயம் இதுதான். முதல் செமஸ்டரில் இன்ஜினியரிங் கிராபிக்ஸ் என்று ஒரு பாடம். பெரிய தாளில் அளவு பிசகாமல் பொருட்களை வரைய வேண்டும். முதல் உள்தேர்வில், ஒரு கூம்பைச் சாய்வாக வெட்டி, மிச்சம் இருப்பதன் மேல்தோலை விரித்து வரையச் சொல்லியிருந்தார். கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் சீனியர்கள் வரைந்த மாதிரித் தாள்களை அதே பெரிய அளவில் நகல் எடுத்து விற்பார்கள். நான் வரைந்தது அதில் ஒன்றோடு கோட்டுக்குக் கோடு ஒத்துப்போனது. அதை வரைந்த சீனியர் ஒரு கோட்டைத் தவறாக இழுத்திருந்தானாம். அந்தத் தவறும் என் தாளில் இருந்தது. இதைவிடக் கொடுமை, சார் கேள்வியில் வெட்டும் கோணத்தை மாற்றியிருந்தார். நான் பழைய கோணத்திலேயே வெட்டியிருந்தேன்.

காப்பி அடித்தேன் என்று தானே ஒரு கடிதம் எழுதிவைத்து, அதில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். மாட்டேன் என்றேன். அப்படியானால் நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா, இல்லையென்றால் இந்தப் பாடத்தில் பரீட்சையே எழுத முடியாது என்றார்.

நான் எப்படி வரைந்தேன் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஒருவரும் கேட்கவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் படித்தவள் நான். அங்கே விடை என்றால் புத்தகத்தில் இருப்பதுதான். சொந்தமாக ஒரு வார்த்தை சேர்த்தால் மார்க் குறையும். ஒருமுறை கணக்கில் ஏன் இந்த வரி வருகிறது என்று கேட்டேன். "வருது, அவ்வளவுதான். எழுதிப் பாரு" என்று மிஸ் உட்கார வைத்துவிட்டார். எழுதிப் பார்த்தேன். முழு மார்க் வந்தது. அப்புறம் எதற்குக் கேட்க வேண்டும்?

கல்லூரியில் வந்து விழுந்தபோது கண்ணைக் கட்டியது. எது முக்கியமான கேள்வி என்று யாரும் குறித்துத் தரவில்லை. சார் ஆங்கிலத்தில் கடகடவென்று சொல்லிப் போர்டை அழித்துவிட்டுப் போய்விடுவார். விடுதியில் என்னோடு அறையில் இருந்த ஆத்தூர்க்காரி அனிதா பாதி வகுப்பில் தூங்குவாள், ஆனால் மீதியில் "ஓ, அப்படியா!" என்று தலையாட்டுவாள். எனக்கு எரிச்சலாக வரும். நான் மாதிரித் தாள்களை வாங்கி, எனக்குத் தெரிந்த வழியில் படித்தேன். பார்த்து வரைவது, மூடிவைத்துவிட்டு வரைவது, ஒத்துப்பார்ப்பது, மறுபடி வரைவது.

"ஏன்டி, படத்தைக்கூடவா மொட்டை மனப்பாடம் பண்ணுவாங்க?" என்று அனிதா சிரித்தாள்.

"மார்க் வரட்டும், அப்பப் பேசு" என்றேன். பரீட்சையில் கூம்பு என்று பார்த்ததும் கை ஓட ஆரம்பித்துவிட்டது. கேள்வியின் மீதியைப் படிக்கவே இல்லை.

அப்பா மறுநாள் காலையில் கோழிப்பண்ணை வேலையைப் போட்டுவிட்டு சேந்தமங்கலத்திலிருந்து வந்தார். வெள்ளைச் சட்டை, முகத்தில் ஈயாடவில்லை. "ஏஞ்சாமி, நெசமாவே பாத்துப் போட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லீங்கப்பா."

"அது போதும், வா."

ஆசிரியர் அறையில் சிவக்குமார் சார் இரண்டு தாள்களையும் ஜன்னல் கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினார். அப்பா உற்றுப் பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"வெறும் தாள் ஒண்ணு குடுங்க சார். இங்கயே உக்காந்து வரையறேன்" என்றேன்.

வரைந்தேன். வட்டம், பன்னிரண்டு பாகம், விசிறி மாதிரி விரிந்த வடிவம், அதற்குள் வளைந்து போகும் கோடு. அந்த சீனியரின் தவறான கோட்டையும் விடவில்லை. சார் முதலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், பிறகு என் தோளுக்குப் பின்னால் வந்து குனிந்து பார்த்தார். முடித்ததும் கண்ணாடியில் வைத்தார். மூன்று தாள்களும் ஒரே தாளாகத் தெரிந்தன.

"பாத்தீங்களா சார்!" என்றார் அப்பா. "என்ற புள்ள பாக்காமயே போடும்ங்க. அது மேல போயி பழியப் போட்டீங்களே!"

சார் அந்த விசிறி வடிவத்தின் மேல் விரலை வைத்தார். "தனப்பிரியா, இதைக் கத்தரியில வெட்டிச் சுருட்டினா என்ன வரும்?"

நான் அந்தக் கேள்வியை மனத்துக்குள் தேடினேன். எந்தத் தாளிலும் அது இல்லை. "அது... மாதிரித் தாள்ல இல்லீங்க சார்."

"தாளை விடும்மா. நீயே வரைஞ்சதுதானே இது. என்ன வரும்?"

"சொல்லு சாமி" என்றார் அப்பா சிரித்த முகத்தோடு. "உனக்குத் தெரியாததா?"

கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் சரியான இடத்தில் இருந்தன. ஒன்றும் புரியவில்லை. சுருட்டினால் அதே வெட்டுப்பட்ட கூம்புதான் வரும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

சார் மேஜையிலிருந்த அந்தக் கடிதத் தாளைக் கிழித்துப் போட்டார். "நான் சொன்னது தப்புதான்மா. நாளைக்கு வகுப்புலயும் சொல்லிடறேன். நீங்க கிளம்பலாங்க" என்றார்.

அப்பா நிமிர்ந்து எழுந்தார். "வா சாமி. ஒரு குத்தமும் இல்லைன்னுட்டாருல்ல. காப்பித்தண்ணி குடிச்சிட்டு நான் ஊட்டுக்குக் கெளம்பறேன்."

என்னால் எழ முடியவில்லை.

"அப்பா, எனக்கு ஒண்ணுமே தெரியலீங்கப்பா."

"என்ன சாமி தெரியல? இப்பத்தான அத்தனையும் போட்டே?"

"என்ன போட்டேன்னே தெரியலீங்கப்பா. இது மட்டுமில்ல, எதுவுமே..." என்று சொல்லும்போதே வாய் கோணிக்கொண்டது. அந்த அறையில் யார் யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் ஓவென்று அழுதேன்.

அப்பா என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். பிறகு மெதுவாக மறுபடியும் அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இதுக்கு என்னங்க சார் பண்றது?" என்று கேட்டார்.